நீடில் ஒழுகுதுன்னு உன்ர மாமனாருகிட்டச் சொல்லிப்போட்டேன்

கண்ணு,

நேத்து நீ ஓசூர்ல இருந்து போன் பண்ணி, "ஒரு நீடிலுக்காக என்ர கல்யாணத்தைக் கெடுத்துப்போடாதீங்கம்மா"ன்னு சொல்லிட்டு, நான் வாயைத் தொறக்கறதுக்குள்ள வெச்சுட்ட. திரும்பக் கூப்பிட்டா எடுக்கல. சரி, கோவம் வரட்டும், வர வேண்டிய கோவந்தான். ஆனா நீ கட்டிக்கப் போற நித்யா உன்கிட்ட அழுதுகிட்டே சொன்னதை வெச்சு நீ பாதிதான் தெரிஞ்சிருக்கற. மீதியை நான் சொல்லோணும். போன்ல பேசுனா நீ குறுக்கால பேசுவ, நானும் சத்தம் போடுவேன், கடைசில ரெண்டு பேருக்கும் ஒண்ணும் விளங்காது. அதனால எழுதறேன். பேசற மாதிரியேதான் எழுதறேன், எனக்கு வேற மாதிரி எழுத வராது.

நடந்தது இதுதான். உன்ர மாமனாரு அவரு பட்டறையில செஞ்சு விக்கற, கார்புரேட்டருக்கு மாத்தற சில்லறைச் சாமான் கிட்டுல இருக்கற நீடில் சரியில்லை, பெட்ரோல் ஒழுகுது, விக்காதீங்கன்னு அவருகிட்டயே நேர்ல போய்ச் சொல்லிப்போட்டேன். கல்யாணப் பத்திரிகை அடிச்சு வந்தாச்சு, மண்டபத்துக்குச் சொல்லியாச்சு, பொண்ணுக்குச் சீலை எடுக்க ஆர்.எஸ்.புரத்துக்கு எல்லாருஞ் சேந்து போறதுன்னு பேசி வெச்சாச்சு. இந்த நேரத்துலதான் சொன்னேன். அதுல இருந்து அவரு கடைப் பக்கம் வரல. உங்கப்பா கூப்பிட்டாப் போனையும் எடுக்கறதில்ல. சீலை எடுக்கப் போற பேச்சும் நின்னு போச்சு. இந்தக் கல்யாணம் நடக்குமா நடக்காதான்னு நீ கேட்டா, எனக்கும் தெரியல. அதை மறைக்காமச் சொல்லீறேன். பயமாத்தான் இருக்குது.

நம்ம கடைக்கு வர்றவங்க மொதல்ல கேக்கற கேள்வி உனக்கே தெரியும். "கம்பெனி ஐட்டமுங்களா, லோக்கலுங்களா?" சூலூர்ல நான் கல்லாவுல உக்காந்து தலை நரைச்சுப் போச்சு, இந்தக் கேள்விக்கு ஒரே பதிலா எனக்கு இன்னும் சொல்லத் தெரியல. எந்தச் சாமானுக்குக் கேக்கறாங்கங்கறதைப் பொறுத்தது அது. நீ காலேஜ் போயிட்டு இருந்தப்ப உன்ர வண்டிக்கு என்ன பண்ணுனன்னு ஞாபகம் இருக்குதா? பெத்தவங்க ஸ்பேர்ஸ் கடை வெச்சிருக்கறாங்க, பையன் காந்திபுரத்துல ஏதோ ஒரு சந்துல போய் ஸ்லைடு வாங்கி மாட்டீட்டு வர்றான்! கேட்டா, நம்ம கடையில எடுத்தா வண்டியைப் பிரிச்சது தெரிஞ்சுருமாமா. அடேங்கப்பா, என்ன மூளை! ஆக்சிலேட்டரைத் திருகுனா கார்புரேட்டருக்குள்ள மேல போற உருளைதான் ஸ்லைடு, கையை விட்டா அது கீழ எறங்கோணும். நீ வாங்குனது சொரசொரப்பு, மேலயே சிக்கிக்குச்சு. நீ கையை விட்டும் வண்டி விடல. கடைசில ரோட்டோரம் கொட்டி வெச்சிருந்த எம்சாண்டுக் குவியல்ல ஏறித்தான் நின்ன. முழங்கையில தோல் போனதோட தப்பிச்ச. ஊட்டுக்கு வந்து நாய் தொரத்துச்சுன்னு சொன்ன. நான் உன்னை ஒண்ணுங் கேக்காம வண்டியைத்தான் பிரிச்சுப் பாத்தேன்.

அன்னையில இருந்து நான் வெச்சுக்கிட்ட முறை இதுதான். கெட்டுப்போனா வண்டி நின்னு போற சாமானா, தாராளமா லோக்கல் போட்டுக்குங்க. ரெண்டு பர்லாங்கு தள்ளீட்டு வந்தாச் சரியாப் போச்சு. கெட்டுப்போனா வண்டி நிக்காமப் போற சாமானா, இல்ல பெட்ரோலை வெளிய விடற சாமானா, அதுல மட்டும் மிச்சம் புடிக்காதீங்க. ஸ்லைடும் நீடிலும் அந்த ரகம். நீடில் என்ன பண்ணுதுன்னு கேக்கறவங்களுக்கு நான் மேல்தொட்டியைக் காட்டித்தான் சொல்லுவேன். தண்ணி நெறஞ்சா மிதவை மேல வந்து வால்வை மூடிக்குதில்ல, அதே வேலைதான். முனையில இருக்கற குண்டுமணி அளவு ரப்பர் சரியா உக்காரலைன்னா பெட்ரோல் நிக்காம வந்து கீழ ஊத்தீட்டே இருக்கும்.

அதுக்காகக் கம்பெனி டப்பான்னாக் கண்ணை மூடிக்கிட்டு மாட்டலாம்னும் நான் சொல்ல மாட்டேன். கார்புரேட்டர் வண்டி புதுசா வர்றதே நின்னு போச்சு, அதுக்குச் சாமான் வர்றதும் கொறஞ்சு போச்சு. எங்கியோ ஒரு குடோன்ல வருசக்கணக்காத் தூங்குன டப்பா ஒரிஜினல்னு வரும். பிரிச்சுப் பாத்தா ரப்பர்ல நகம் எறங்காது. டப்பா நெசம், லேபிள் நெசம், ரப்பருக்கு மட்டும் வயசாயிருக்கும். இப்ப வர்ற பெட்ரோல்ல எத்தனால் வேற கலக்கறாங்க, பழைய ரப்பர் பலது அதுக்குத் தாங்கறதில்ல. போதாக்கொறைக்கு அந்த டப்பாவையே அச்சு அசலா அடிச்சு விக்கறவனும் இருக்கறான். அதனால டப்பாவைப் பாத்து ஏமாறாத. எப்பச் செஞ்சது, யாருகிட்ட வாங்குனது, கையில எடுத்தா எப்படி இருக்குது, அதைப் பாரு. லோக்கல்னாலே மட்டம்னு எவனாவது பேசுனா எனக்குக் கோவந்தான் வரும். பம்பும் கிரைண்டரும் செஞ்சு ஊரெல்லாம் அனுப்புன கோயமுத்தூர்ப் பட்டறைக லோக்கல் இல்லாம வேற என்னவாம்?

உன்ர மாமனாரும் அப்படி ஒரு பட்டறைக்காரருதான். சிங்காநல்லூர்ப் பக்கம் லேத்து போட்டுப் பம்புக்குச் சாமான் கடைஞ்சு குடுத்துட்டு இருந்தவரு, ஆர்டர் கொறஞ்சதும் சொந்தமாக் கார்புரேட்டர் கிட்டுச் செய்ய ஆரம்பிச்சாரு. கிட்டுல இருக்கற, பெட்ரோலை அளந்து விடற பித்தளை ஜெட்டெல்லாம் அவரு கையால கடைஞ்சது. பொய் சொல்லக்கூடாது, லென்ஸ் வெச்சுப் பாத்தேன், ஒரு பிசிறு கெடையாது. நீடில் முனைக்கு மாட்டற ரப்பரை மட்டும் வெளிய வாங்கறாரு. ரெண்டு ஊட்டுக்காரங்களும் உப்புச் சக்கரை மாத்திக் கல்யாணத்தை உறுதி பண்ணுன கொஞ்ச நாள்லயே, ஒரு பை நெறயக் கிட்டோட கடைக்கு வந்தாரு. "நம்ம கடையிலயும் வெச்சுப் பாக்கலாமுங்களா சம்மந்தி?"ன்னாரு. உங்கப்பாவைத்தான் உனக்குத் தெரியுமே. "என்னங்க இப்படிக் கேட்டுப்போட்டீங்க, வெச்சுட்டுப் போங்க, பிச்சுக்கிட்டுப் போகுமுங்க"ன்னு வாங்கி வெச்சாரு. அவரு வண்டி அக்கட்டால திரும்புனதும் அத்தனையும் செயின் ஆயில் டப்பாவுக்குப் பின்னால போயிருச்சு. ஏனுங்கன்னு கேட்டேன். "பழகாத சரக்கு, வித்துப் பேரு கெட்டுப் போச்சுன்னா? அதுக்காக மூஞ்சிக்கு நேரா வேண்டாம்னு எப்படிச் சொல்றது?"ன்னாரு.

நம்ம ஊர்க்காரங்களுக்குன்னே இருக்கற வியாதி இது. உன்ர மாமனாரு வர்றப்பெல்லாம், "எப்படிங்க போகுது?"ன்னு கேப்பாரு. "அருமையாப் போகுதுங்க, எல்லாரும் நல்லாருக்குதுங்கறாங்க"ன்னு உங்கப்பா சொல்லுவாரு. நானும் பக்கத்துல உக்காந்து காப்பி ஊத்திக் குடுத்துட்டுச் சிரிப்பேன். நாங்க மட்டும்னா பரவாயில்ல. அப்புறம் விசாரிச்சாப் பல்லடம், அவினாசி, எல்லாக் கடையிலயும் இதே கதைதான். ஒருத்தரு பரண்ல ஏத்தி வெச்சிருக்கறாரு. இன்னொருத்தரு ஒழுகுன நீடிலைக் குப்பையில போட்டுட்டு, "பெரியவரு ஆசையாக் கொண்டாந்து குடுத்தாரு, எப்படிங்க குறை சொல்றது"ன்னு கம்முனு இருந்துட்டாரு. வார்த்தைக்கு வார்த்தை 'ங்க' போடறோம், 'சரியில்லீங்க'ன்னு சொல்ல மட்டும் ஒருத்தருக்கும் நாக்கு எழும்பல. அந்த மனுசன் அத்தனை பேரு சொன்னதையும் நம்பி, ரெண்டாவது மிசின் போடறதுக்குப் பட்டறையில எடம் ஒழிச்சுத் தரை போட்டுட்டாரு.

இதுக்கு நடுவுல நான் காங்கேயத்துக்கு, பெரியம்மா ஊட்டுக்குப் பத்திரிகை வெக்கப் போனேன். திரும்பி வந்து பாத்தா, செயின் ஆயில் டப்பாவுக்குப் பின்னால இருந்த கிட்டுல கொஞ்சங் கொறையுது. என்னன்னு கேட்டா, உங்கப்பா தலையைச் சொறியறாரு. சம்மந்திகிட்டப் பொய்யாச் சொல்லீட்டே இருக்கறமேன்னு மனசு உறுத்துச்சாமா, அதனால சொன்னதை நெசமாக்கிப் போடலாம்னு நாலு பேருக்கு வித்துட்டாராமா! எனக்குச் சிரிக்கறதா அழுகறதான்னு தெரியல. அந்த நாலு பேருல ஒருத்தரு சாமுவேல் சாரு. நம்ம பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால குடியிருக்கறாரே, பள்ளிக்கூடத்துல பாட்டு வாத்தியாரு, சர்ச்சுல ஆர்கன் வாசிக்கறவரு, அவரேதான்.

ஒரு நாள் காலைல கடை தொறந்ததும் வந்து நின்னாரு. வணக்கமுங்க, சவுக்கியமுங்களா, பையன் கல்யாண வேலை எப்படிங்க போகுதுன்னு எல்லாங் கேட்டாரு. கிளம்பறப்ப, "குறையாச் சொல்றதா நெனச்சுக்காதீங்க, அந்தக் கிட்டு மாட்டுனதுல இருந்து பெட்ரோல் சித்த வாசமா வருதுங்க"ன்னாரு. சித்த வாசமாமா! கூடவே போய்ப் பாத்தேன். அவரு ஊடு உனக்குத் தெரியும், சந்துல வண்டி நிறுத்த எடமில்லாம முன்னறையிலயேதான் நிறுத்துவாரு. பெட்ரோல் டேப்பை மூடற பழக்கம் அவருக்குங் கெடையாது, யாருக்குத்தான் இருக்குது? வண்டிக்குக் கீழ இருந்து பெட்ரோல் ஓடிச் சமையல்கட்டு நெலைப்படி வரைக்கும் வந்து நின்னிருக்குது. அவரு சம்சாரம் காப்பி வெக்கறதுக்கு லைட்டரை எடுத்தவங்க, வாசம் புடிச்சு நின்னுருக்கறாங்க. அந்தம்மாவுக்கு மட்டும் அன்னைக்குச் சளி புடிச்சு மூக்கடைச்சிருந்தா? அவங்க எனக்கு டீ வெச்சுத் தரட்டுமான்னு கேட்டாங்க. வேண்டாமுங்கன்னேன். வண்டி டேப்பை மூடி, கதவு ஜன்னலெல்லாம் தொறந்து விட்டுட்டுத்தான் கிளம்புனேன்.

கடைக்கு வந்ததும் ஊறுகாய் பாட்டில் மூணைக் கழுவித் தொடைச்சுப் பெட்ரோல் ஊத்துனேன். ஒண்ணுல உன்ர மாமனாரு நீடில், ஒண்ணுல கம்பெனியோட பழைய சரக்கு, இன்னொண்ணுல கம்பெனியில இருந்து இப்ப வந்தது. ரெண்டு நாளு விட்டு எடுத்தேன். மாமனாரோட ரப்பர் ஊறவெச்ச கொண்டைக்கடலை மாதிரி உப்பிப் போச்சு. கம்பெனியோட பழைய சரக்கும் தேறல, ஓரத்துல வெடிப்பு. புதுசு மட்டும் போட்டபடி இருந்துச்சு. பழைய சரக்கு பூராத்தையும் அன்னைக்கே கடையை விட்டு எடுத்தேன், கிட்டு வாங்குன மத்த மூணு பேரையும் கூப்பிட்டு நீடிலை மாத்திக் குடுத்தேன். சாமுவேல் சாரு மட்டும் வேற ஊருக்குப் போயிட்டாரு, வண்டி டேப்பை மூடி வெச்சுட்டுப் போனாரு. உங்கப்பா எல்லாத்தையும் பாத்துட்டு, "சரி, சம்மந்திகிட்டக் கல்யாணம் முடிஞ்சதும் பக்குவமாச் சொல்லிக்கலாம்"ன்னாரு. "கல்யாணம் முடிஞ்சா மட்டும் சொல்லீருவீங்களா? சீர் முடியட்டும்பீங்க, அப்புறம் பேரன் பொறக்கட்டும்பீங்க. அதுக்குள்ள எவ அடுப்புப் பத்த வெச்சாளோ?"ன்னேன்.

அடுத்த நாளே பஸ் ஏறிச் சிங்காநல்லூர் போனேன். உன்ர மாமனாருக்கு என்னையப் பாத்ததும் வாயெல்லாம் பல்லு. "வாங்க தங்கச்சி, சொல்லியிருந்தா நானே வந்திருப்பனுங்களே"ன்னு லேத்தை நிறுத்தி, கையைத் தொடைச்சு, நாற்காலியைத் தொடைச்சு, பலகாரம் வாங்கியாரச் சொல்லி ஆளனுப்பி, புது மிசினுக்குத் தரை போட்டிருக்கறதைக் கூட்டீட்டுப் போய்க் காட்டுனாரு. அந்தத் தரையில நின்னுதான் சொன்னேன்.

"அண்ணா, நீடில் ஒழுகுதுங்க. ரப்பர் இப்பத்த பெட்ரோலுக்குத் தாங்கலீங்க. ஒரு ஊட்டுல நெருப்புப் புடிக்கப் பாத்துச்சுங்க."

"எல்லாக் கடையிலயும் அருமையாப் போகுதுன்னுதானுங்க சொல்றாங்க. உங்க ஊட்டுக்காரருகூடப் போன வாரம் சொன்னாருங்களே?"

"பொய்யிங்கண்ணா. நாங்க சொன்னதும் பொய்யி, அவங்க சொன்னதும் பொய்யி. உங்க மனசு நோகக்கூடாதுன்னு எல்லாருஞ் சொன்னதுங்க. உங்க ஜெட்டு நெசமாலுமே நல்லாருக்குதுங்க, அது பொய்யில்லீங்க."

பையில இருந்த ஊறுகாய் பாட்டிலை எடுத்து அவரு கையில குடுத்தேன். நீடிலை வெளிய எடுத்து ரப்பரை நசுக்கிப் பாத்தாரு. அதுக்குள்ள ஆள் பலகாரம் வாங்கியாந்துட்டான். "சாப்புடுங்க தங்கச்சி"ன்னாரு. சாப்புட்டேன். பஸ் ஸ்டாப்பு வரைக்கும் கூட வந்து, பஸ்ஸுல எடம் பாத்து உக்கார வெச்சு, "போயிட்டு வாங்க"ன்னு சொல்லிட்டு நின்னாரு. கோவமா, வருத்தமா, எனக்கு ஒண்ணும் புடிபடல. அப்படி ஒரு மரியாதை. அவரு நாலு வார்த்தை வஞ்சிருந்தாக்கூட நான் நிம்மதியா ஊடு வந்து சேந்திருப்பேன்.

கல்யாணத்தையும் கார்புரேட்டரையும் முடிச்சுப் போட்டு, ஒரிஜினல் மனுசன், டூப்ளிகேட் மனுசன்னு உனக்கு உபதேசம் பண்ண நான் வரல. அந்த மாதிரிப் பேச்சு கல்யாண மண்டபத்துல மைக்கு புடிக்கறவங்களுக்கு இருக்கட்டும். நான் சொல்றது ஒண்ணே ஒண்ணுதான். உங்கப்பாவும் நானும் இத்தனை வருசம் குடும்பம் பண்ணுனதுல, சண்டை போட்ட நாளெல்லாம் எங்களுக்கு நட்டமே வந்ததில்ல. "சரி, உங்க இஷ்டம்"ன்னு வாயை மூடிக்கிட்ட நாள்லதான் வந்துச்சு. நான் சொன்னது தப்பில்ல. சொன்னதால உன்ர கல்யாணம் நின்னு போச்சுன்னா, நீ என்னைய மன்னிக்க வேண்டாம். அதுக்கும் தயாராத்தான் பஸ் ஏறுனேன். ஆனா நித்யாவை எனக்கு ரொம்பப் புடிச்சிருக்குது கண்ணு. அந்தப் புள்ளை இந்த ஊட்டுக்கு வரோணும்.

இது வரைக்கும் காலைல எழுதி வெச்சுட்டுக் கடைக்குப் போனேன். இப்பச் சாயங்காலம். இனி எழுதறதைப் பொறுமையாப் படி.

மத்தியானம் வெயில்ல, உன்ர மாமனாரு வண்டியில ரெண்டு பக்கமும் சாக்கு மூட்டை கட்டீட்டு வந்து எறங்குனாரு. உங்கப்பாவுக்கு மூஞ்சி வெளுத்துப் போச்சு, உள்ளாற போகப் பாத்தாரு. "இருங்க சம்மந்தி, எங்க போறீங்க? உங்ககிட்ட இருக்கற கிட்டையும் எடுங்க"ன்னாரு. எல்லாக் கடைக்கும் போய்ச் சரக்கைத் திரும்ப எடுத்துட்டு வர்றாராமா. இதனாலதான் இத்தனை நாளும் போனை எடுக்கல. "எடுக்கறப்பவாச்சும் ஒருத்தரு சொல்லுவாங்களான்னு பாத்தனுங்க தங்கச்சி. எதுக்குங்க எடுக்கறீங்க, நல்லாத்தான போகுதுங்கறாங்க! பரண்ல இருந்து தூசி தட்டி எறக்கிக் குடுத்துக்கிட்டே சொல்றாங்க!" அதைச் சொல்றப்ப அவருக்குச் சிரிப்பு வந்துருச்சு. எனக்கும் வந்துருச்சு.

அப்புறம் கம்பெனி நீடில்ல புதுசா ஒண்ணு குடுங்கன்னு கேட்டு வாங்கிக்கிட்டு, உங்கப்பாவைக் கூட்டீட்டுச் சாமுவேல் சாரு ஊட்டுக்குப் போனாரு. அவங்க நேத்துத்தான் ஊர்ல இருந்து வந்திருக்கறாங்க. முன்னறையில உக்காந்து அவரு கையாலயே மாட்டிக் குடுத்து, அந்தம்மாகிட்ட மன்னிப்புக் கேட்டுட்டு வந்தாரு. தாங்கற ரப்பர் கெடைக்கற வரைக்கும் கிட்டு வேண்டாம், ஜெட்டு மட்டும் போடறேன், ரெண்டாவது மிசினை அப்புறம் பாத்துக்கலாம்னாரு. ஜெட்டை நான் வாங்கிக்கறனுங்கன்னேன். வர்ற வெள்ளிக்கிழமை சீலை எடுக்கப் போலாமுங்களான்னு அவரே கேட்டாரு. எனக்கு உசுரு வந்துச்சு.

கிளம்பறதுக்கு வண்டியில உக்காந்தவரு, மறுபடியும் எறங்கி வந்தாரு.

"ஒண்ணு சொல்லோணுமுங்க தங்கச்சி. நித்யா இதை ஆரம்பத்துலயே சொன்னாளுங்க. பட்டறைக்கு வர்றவ, அவளே பெட்ரோல்ல போட்டுப் பாத்துட்டு, இந்த ரப்பர் வேண்டாம்ப்பான்னா. கடைக்காரங்க அத்தனை பேரும் அருமைங்கறாங்க, உனக்கென்ன தெரியும்னு வாயை அடைச்சுப்போட்டனுங்க. நீங்க வந்துட்டுப் போனதும் அவகிட்டப் பாட்டிலைக் காட்டுனேன். ஒண்ணுமே பேசாம உள்ள போய் அழுதாளுங்க."

அவ எதுக்கு அழுதான்னு உனக்கு இப்பத் தெரிஞ்சிருக்கும். உன்கிட்டப் பேசறப்ப அதைச் சொன்னாளோ, சொல்ல வந்து நீ குறுக்கால பேசுனயோ, எனக்குத் தெரியாது. கண்ணு, இனி அவ எதைச் சொன்னாலும் மொதத் தடவை சொல்றப்பவே கேட்டுக்க.

அம்மா